கயிறடிக்கும் பிள்ளையும் கடைக்காரரின் இதயமும்

பனிக்காலத்தின் பின்பகுதியில் எமது கடைகளுக்கு ஒரு சிறு விருந்தாளி வருவது வழக்கம். பாடசாலை விட்டு வரும் வழியில், தோளில் புத்தகப் பையும் கையில் ஒரு காகித உறையுமாகக் காசு மேசைக்கு முன்னால் வந்து நின்று, "அங்கிள், நான் பள்ளிக்கூடத்திலை கயிறடிக்கப் போறன். ஹார்ட்டுக்குக் காசு சேர்க்கிறம். நீங்களும் ஏதாவது தாறீங்களோ?" என்று கேட்கும். பின்னால் நான்கு பேர் வரிசையில் நிற்பார்கள். தொலைபேசி அடிக்கும். மீன் பெட்டிகளை இறக்கிய வாகன ஓட்டி பற்றுச்சீட்டில் கையெழுத்துக்கு அவசரப்படுவார். நாம் ஓர் இரண்டு டொலர் குற்றியை எடுத்துக் கொடுத்து, "கெட்டிக்காரப் பிள்ளை, போட்டு வா" என்று அனுப்பிவிடுவோம். சில வேளைகளில் உறைக்குப் பதிலாகப் பிள்ளையின் தாயாரிடமிருந்து கைத்தொலைபேசியில் ஓர் இணைப்பு வரும். அதையும் இரவு பார்க்கலாம் என்று வைத்துவிட்டு மறந்துவிடுவோம்.

அந்த இரண்டு டொலரைப் பற்றி இம்முறை சற்று விரிவாக எழுத எண்ணினோம். காரணம் உண்டு. ரொறன்ரோவிலும் ஸ்காபரோவிலும் கடை வைத்திருக்கும் எமது அங்கத்தவர்கள் சந்தித்துக்கொள்ளும் போதெல்லாம் தவறாமல் எழும் முறைப்பாடு ஒன்றிருக்கிறது. கோயில் திருவிழா உபயம், ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கத்தின் மலர் விளம்பரம், விளையாட்டுக் கழகத்தின் வெற்றிக் கிண்ணம், கலைவிழா நுழைவுச் சீட்டு என்று ஒருவர் மாறி ஒருவர் வந்துகொண்டே இருக்கிறார்கள். கடைக்காரன் என்றால் எல்லோருக்கும் காசு காய்க்கும் மரமா என்பதுதான் அது. நியாயமான முறைப்பாடு. ஆனால் இத்தனை உறைகளுள் கயிறடிக்கும் பிள்ளை கொண்டுவரும் உறை ஒன்றுதான் நேராக எம்மைப் பற்றியது என்பதை நம்மில் பலர் கவனித்ததில்லை.

முதலில் இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1978ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்து மில்வோக்கி நகரில் ஜீன் பார்க்கோ என்ற உடற்பயிற்சி ஆசிரியை, பிள்ளைகளுக்கு இதயத்தைப் பற்றி வெறுமனே பாடம் நடத்துவதைவிட அவர்களைக் கயிறடிக்க வைத்து, அதற்கு ஆதரவாளர்களிடம் காசும் சேர்த்தால் என்ன என்று யோசித்தார். கயிறடித்தல் செலவில்லாத விளையாட்டு. இடமும் அதிகம் வேண்டாம். சில நிமிடங்களிலேயே மூச்சு வாங்கும். இதயம் வேகமாக அடிப்பதைப் பிள்ளை தன் நெஞ்சிலேயே தொட்டுப் பார்த்து அறிந்துகொள்ளும். அமெரிக்க இதயச் சங்கம் இந்த யோசனையை ஏற்று நாடு முழுவதும் பரப்பியது. "ஜம்ப் றோப் ஃபோர் ஹார்ட்" என்ற பெயரில் 1980களில் அது கனடாவுக்கு வந்தது. அவுஸ்திரேலியாவில் 1983இல் தொடங்கியது. ஊரில் எமது சகோதரிகள் முற்றத்திலே தும்புக் கயிறு பிடித்து எண்ணி எண்ணி அடித்த அதே விளையாட்டுத்தான், இங்கு ஒரு பெரிய நிதி சேகரிப்பாக வளர்ந்திருக்கிறது.

கனடாவில் இந்தக் காசு போய்ச் சேரும் இடம், ஹார்ட் அன்ட் ஸ்ரோக் என்று சுருக்கமாக அழைக்கப்படும் இதய, பாரிசவாத நிதியம். 1950களில் இதய நிதியமாக உருவாகி, பின்னர் பாரிசவாதத்தையும் தன் பொறுப்பில் சேர்த்துக்கொண்ட அமைப்பு இது. பெப்ரவரியை இதய மாதமாக வைத்து வீடு வீடாகத் தொண்டர்களை அனுப்பியதும் இவர்களே. பிள்ளை கொண்டுவந்த உறை என்றால் அந்தக் காசு வகுப்பறைக்குப் பெயின்ற் அடிக்கப் போகிறது என்று எண்ணியிருந்த அங்கத்தவர் ஒருவரை அண்மையில் கண்டோம். அப்படியல்ல. அது மருத்துவ ஆய்வுக்கும், நோய் வராமல் தடுக்கும் பிரசாரத்துக்கும், நோய் வந்தவர்களுக்கு வழிகாட்டும் வேலைகளுக்கும் பயன்படும் பொது நிதியில் போய்ச் சேருகிறது.

ஆய்வு என்றவுடன் நமக்கு அது எட்டாத விடயமாகத் தோன்றலாம். இரண்டு உதாரணங்களைச் சொன்னால் போதும்.

ஹமில்ரனில் உள்ள மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தில் வைத்தியர் சலீம் யூசுப் தலைமையில் "இன்ரர்ஹார்ட்" என்ற ஆய்வு நடந்தது. 52 நாடுகளில் முதன்முறையாக மாரடைப்பு வந்த ஏறக்குறைய 15,000 பேரையும், வராத ஏறக்குறைய அதேயளவு பேரையும் ஒப்பிட்டு, 2004இல் முடிவை வெளியிட்டார்கள். ஒன்ராறியோ இதய, பாரிசவாத நிதியமும் அதற்குப் பணம் கொடுத்தவர்களுள் ஒன்று. புகைத்தல், கொழுப்பு, குருதி அமுக்கம், நீரிழிவு, வயிற்றுப் பருமன், மன அழுத்தம், பழமும் மரக்கறியும் போதாமை, உடலுழைப்பு இன்மை, மதுப் பழக்கம் ஆகிய ஒன்பது விடயங்களே உலகெங்கும் முதல் மாரடைப்பின் ஆபத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் விளக்கிவிடுகின்றன என்பதே அதன் சாரம். அதே ஆய்வின் விபரங்களிலிருந்து தென்னாசியர்களைத் தனியே எடுத்து 2007இல் மற்றொரு கட்டுரை வந்தது. இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம், நேபாளம், இலங்கை ஆகிய நாடுகளைச் சேர்ந்தவர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53. ஏனைய நாட்டவருக்கு ஏறக்குறைய 59. ஆறு வருடம் முந்திக்கொள்கிறது.

இது ஊர்க்காரருக்குத்தான், கனடாவுக்கு வந்தவர்களுக்கு அல்ல என்று யாரும் ஆறுதல் அடைய வேண்டாம். ஹமில்ரன், ரொறன்ரோ, எட்மன்ரன் நகரங்களில் வாழும் தென்னாசியர், சீனர், ஐரோப்பிய வம்சாவளியினர் ஆகியோரை வைத்தியர் சோனியா ஆனந்தும் அவருடைய குழுவினரும் ஒப்பிட்டு 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்விலும் இதய நோய் கூடுதலாகக் காணப்பட்டது தென்னாசியரிடமே.

மேலே சொன்ன ஒன்பதையும் கடைக்காரரின் நாளோடு ஒருமுறை பொருத்திப் பாருங்கள். விடியற்காலை மரக்கறிச் சந்தைக்கு ஓட்டம். வெறும் தேநீரோடு கடை திறப்பு. பத்து மணிக்கு ஒரு றோல்ஸ், இரண்டு மணிக்கோ மூன்று மணிக்கோ நின்றபடி சாப்பாடு, இரவு பத்தரைக்கு வீட்டில் வயிறு நிறையச் சோறு, உடனே படுக்கை. வாடகை, வங்கிக் கடன், துறைமுகத்தில் நிற்கும் கொள்கலன், திரும்பி வந்த காசோலை என்று தலைக்குள் ஓடும் கணக்கு. மூட்டை தூக்கிய காலம் போய், இப்போது கணினித் திரைக்கு முன்னே முக்காலியில் பன்னிரண்டு மணித்தியாலம். பழமும் மரக்கறியும் நாள் முழுக்கக் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன, விற்பதற்கு.

இனி இரண்டாவது உதாரணம். அதற்கு முன்பு எமது அங்கத்தவர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆனால் எழுதுங்கள் என்று சொன்னவரும் அவரே.

அரிசி, பருப்பு மொத்த வியாபாரம் செய்பவர். வயது அப்போது 51. ஒரு வியாழக்கிழமை பிற்பகல், களஞ்சியத்தில் சரக்குப் பார்த்துக்கொண்டு நின்றபோது இடது கை மரத்ததுபோல் இருந்தது. கையிலிருந்த பட்டியல் தாள் தானாகவே கீழே விழுந்தது. நோவு ஒன்றும் இல்லை. நோவு இல்லாதபடியால் அவர் பயப்படவும் இல்லை. குளிர் பிடித்துவிட்டது என்று நினைத்து, அலுவலக அறையில் இருந்த சாய்மணைக் கதிரையில் படுத்துவிட்டார். வேலை செய்யும் தம்பி ஒருவர் தேநீர் கொண்டுவந்து கொடுத்தபோது, "அண்ணை கதைக்கிறது வடிவா விளங்கேல்லை" என்று கவனித்திருக்கிறார். களைப்பாக்கும், கொஞ்சம் படுக்கட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு அவரும் போய்விட்டார். குற்றம் சொல்ல முடியாது, அவருக்குத் தெரியாது. இரண்டரை மணித்தியாலத்துக்குப் பிறகு அவருடைய மனைவி தொலைபேசியில் அழைத்து, குரலில் வித்தியாசத்தைக் கேட்டு, அவசர இலக்கம் 911ஐ அழைக்கச் சொன்னார். உயிர் தப்பியது. இடது கையால் இன்றும் ஒரு தண்ணீர்க் குவளையைத் தூக்க முடியாது. பேச்சு திரும்பிவிட்டது, ஆனால் தொலைபேசியில் விலை பேசும்போது சொல் தடுமாறினால் எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் என்ன நினைப்பாரோ என்ற கூச்சத்தால் அந்த வேலையை மகனிடம் கொடுத்துவிட்டார். முப்பது வருடமாக விலை பேசிய மனிதர்.

பாரிசவாதம் எனப்படுவது மூளைக்குக் குருதி கொண்டுபோகும் நாடி அடைபடுவதாலோ வெடிப்பதாலோ வருவது. பெரும்பாலும் அடைப்பினாலேதான் வருகிறது. பெரிய நாடி ஒன்று அடைபட்டுச் சிகிச்சை இல்லாமல் போகும் ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 இலட்சம் மூளைக் கலங்கள் அழிகின்றன என்று 2006இல் கணக்கிட்டிருக்கிறார்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசி மருந்து இருக்கிறது. ஆனால் நோய் தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும். அதற்குள் படம் எடுத்து, வெடிப்பா அடைப்பா என்று உறுதி செய்தும் ஆகவேண்டும். வெடிப்பு என்றால் அதே ஊசி ஆளைக் கொன்றுவிடும்.

பெரிய அடைப்புக்கு ஊசி மட்டும் போதுவதில்லை. தொடையில் உள்ள நாடி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, மூளைவரை கொண்டுபோய்க் குருதிக் கட்டியையே வெளியே இழுத்தெடுக்கும் முறை பயன் தருமா என்று கல்கரியைத் தலைமையிடமாகக் கொண்ட "எஸ்கேப்" ஆய்வு சோதித்தது. 2015இல் வெளிவந்த முடிவு மருத்துவ உலகைத் திருப்பிப் போட்டது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுள் மூன்று மாதத்தில் தம் காரியங்களைத் தாமே பார்க்கும் நிலைக்கு வந்தவர்கள் நூற்றுக்கு 29 பேர். கட்டியை இழுத்தெடுத்தவர்களுள் 53 பேர். இறப்பு நூற்றுக்கு 19இலிருந்து 10 அளவுக்குக் குறைந்தது. இந்த ஆய்வுக்கும் நிதி தந்தவர்களின் பட்டியலில் இதய, பாரிசவாத நிதியம் இருக்கிறது. கயிறடித்த பிள்ளைகளின் உறையில் போட்ட காசு எங்கே போனது என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் வேண்டுமா?

எமது நண்பர் படுத்திருந்த அந்த இரண்டரை மணித்தியாலத்தில் யாராவது ஒருவருக்கு நான்கு விடயங்கள் தெரிந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம். முகம் ஒரு பக்கம் தொங்குகிறதா? இரண்டு கைகளையும் உயர்த்தச் சொன்னால் ஒன்று கீழே இறங்குகிறதா? பேச்சுக் குழறுகிறதா? அப்படியானால் நேரம் கடத்தாமல் 911. நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்தைச் சேர்த்து "ஃபாஸ்ற்" என்று 2014 முதல் இந்த நிதியம் கனடா முழுவதும் பரப்பிவருவது இதைத்தான். நமது கடைகளில் இதைத் தமிழில் எழுதிக் காசு மேசைக்குப் பின்னால் ஒட்டி வைப்பதற்குச் செலவு ஒரு வெள்ளைத் தாள். அங்கத்தவர் கடையில் யாருக்காவது இப்படி நேர்ந்தால் காரில் ஏற்றிக்கொண்டு நீங்களே ஓட்ட வேண்டாம். அம்புலன்ஸ்காரருக்குப் பாரிசவாதத்துக்கு ஆயத்தமாக உள்ள வைத்தியசாலை எது என்று தெரியும், நமக்குத் தெரியாது.

நண்பரின் பேரப்பிள்ளை நான்காம் வகுப்புப் படிக்கிறாள். கயிறடிக்கும் உறையோடு முதலில் அவள் போனது அவரிடம்தான். "எவ்வளவு போட்டீர்கள்?" என்று கேட்டோம். சிரித்தார். சொல்லவில்லை.

இந்த நிதி சேகரிப்பில் எமக்குப் பிடிக்காத அம்சமும் இருக்கிறது; மறைக்க விரும்பவில்லை. கூடுதலாகச் சேர்த்த பிள்ளைக்குக் கூடுதல் பரிசு என்ற முறை நல்லதல்ல. பெரிய கடை வைத்திருப்பவரின் பிள்ளை ஒரு மாலையிலேயே நூறு டொலர் சேர்த்துவிடும். தொழிற்சாலையில் இரவு வேலை செய்யும் தாயின் பிள்ளைக்கு ஐந்து டொலர் சேர்ப்பதே கடினம். இரண்டு பிள்ளைகளும் ஒரே கயிற்றைத்தான் அடிக்கின்றன. ஆகவே அங்கத்தவர்களிடம் ஒரு வேண்டுகோள்: தெரிந்தவர் பிள்ளைக்கு ஐம்பதும் தெரியாத பிள்ளைக்கு ஒன்றுமாகக் கொடுக்காதீர்கள். உங்கள் கடைக்குப் பக்கத்துப் பாடசாலைக்கு மொத்தமாக ஒரு தொகை என்று ஒதுக்கி வைத்து, கேட்டு வரும் பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரித்துக் கொடுங்கள்.

வேடிக்கை ஒன்றும் உண்டு. பெப்ரவரியில் இதயத்துக்காக உறையோடு வந்த அதே பிள்ளை, வேறொரு மாதத்தில் பாடசாலைச் சுற்றுலாவுக்காகச் சொக்கிலேற் பெட்டியோடு வந்து நிற்கும். ஒன்ராறியோ அரசாங்கம் 2011 முதல் பாடசாலைக்குள் விற்கும் உணவுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. பாடசாலைக்கு வெளியே நிதிக்காக விற்பதற்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அதனால்தான் பெட்டி நமது வாசலுக்கு வருகிறது. சிரிக்கலாம். ஆனால் நமது தட்டுகளைத் திரும்பிப் பார்த்தால் சிரிப்பு அடங்கிவிடும். மிக்சர், முறுக்கு, ஊறுகாய், கருவாடு, நெய், சோடா எல்லாவற்றையும் நாமே இறக்குகிறோம், நாமே அடுக்குகிறோம். வாடிக்கையாளர் கேட்பதை விற்பதே வியாபாரம். உபதேசம் செய்வது கடைக்காரர் வேலை அல்ல. இருந்தாலும் மத்திய அரசாங்கத்தின் புதிய முகப்பு அடையாளச் சட்டம் இந்தப் பேச்சை நம் கைக்கு எடுத்து வந்துவிட்டது. உப்போ, சீனியோ, நிறைவுற்ற கொழுப்போ கூடிய பொதி உணவுகளின் முகப்பில் உருப்பெருக்குக் கண்ணாடி அடையாளம் இட வேண்டும் என்று 2022இல் அறிவித்து, 2026 ஜனவரி 1 வரை அவகாசம் கொடுத்தார்கள். பெரும்பாலான பொருட்களுக்கு நாளாந்த அளவின் 15 வீதம் எல்லை. இறக்குமதி செய்யும் மொத்த வியாபாரிகள் சென்னையிலும் கொழும்பிலும் உள்ள பொதி செய்பவர்களிடம் இதைப் பற்றிப் பேசும்போது, அடையாளம் ஒட்டுவதைவிட உப்பைக் குறைத்துத் தர முடியுமா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

கொடுப்பது எப்படி என்பதிலும் நாம் வியாபாரிகளாகவே நடந்துகொள்ளலாம். இரண்டு டொலர் குற்றிக்குக் கணக்கு இல்லை. சற்றுப் பெரிய தொகை என்றால் காசோலையைப் பிள்ளையின் பெயரிலோ ஆசிரியரின் பெயரிலோ எழுதாமல், நிதியத்தின் பெயரிலேயே எழுதி வரிக்கான பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். பதிவு செய்யப்பட்ட எந்தத் தரும அமைப்புக்கும் ஒன்பது இலக்கங்களும், அதைத் தொடர்ந்து "ஆர் ஆர்" என்ற எழுத்துகளும், பின் நான்கு இலக்கங்களும் கொண்ட பதிவு எண் உண்டு. கனடிய வருமானவரித் திணைக்களத்தின் பட்டியலில் அதைச் சரிபார்க்கலாம். உறையோடு வருபவர்கள் எல்லோரும் உண்மையானவர்கள் அல்ல என்பதை எமது அங்கத்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தனியாள் பெயரில் கொடுத்தால் வருடத்தில் முதல் 200 டொலருக்கு ஒரு வீதத்திலும், அதற்கு மேற்பட்ட தொகைக்குக் கூடிய வீதத்திலும் வரிச் சலுகை கிடைக்கும். கணவன், மனைவி இருவரின் பற்றுச்சீட்டுகளையும் ஒருவரின் கணக்கில் சேர்ப்பது பொதுவாக இலாபம். கூட்டுத்தாபனமாகப் பதிந்த கடைகள் நிகர வருமானத்தில் 75 வீதம் வரை நன்கொடையைக் கழிக்கலாம். உங்கள் கடைப் பெயரைப் பதாகையில் போட்டு விளம்பரம் செய்வதற்காகக் கொடுத்தால் அது நன்கொடை அல்ல, விளம்பரச் செலவு. பழமும் தண்ணீர்ப் போத்தலும் கடைச் சரக்கிலிருந்து கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்கினால், அதே சந்தைப் பெறுமதியை வருமானத்திலும் காட்ட வேண்டும். எனவே சரக்காகக் கொடுப்பவர்கள் பெரிய வரி இலாபத்தை எதிர்பார்க்க வேண்டாம். கணக்காளரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு சிறுவனின் விடயம். பாரி நகரத்தைச் சேர்ந்த சேஸ் மக்கெக்கன் என்ற 11 வயதுச் சிறுவன், தனக்கே இதய நோய் இருந்தபடியால், பாடசாலைகளிலும் பனிச்சறுக்கு அரங்குகளிலும் இதயத்தை மீள இயக்கும் மின்னதிர்ச்சிக் கருவி இருக்க வேண்டும் என்று பிரசாரம் செய்துகொண்டிருந்தான். 2006 பெப்ரவரியில் அவன் இறந்துபோனான். அடுத்த வருடம் அவன் பெயரால் ஒன்ராறியோவில் ஒரு சட்டம் வந்தது. அவசரத்தில் நல்லெண்ணத்தோடு இந்தக் கருவியைப் பயன்படுத்துபவர் மீதும், கருவியை முறையாகப் பராமரித்துத் தம் இடத்தில் வைத்திருக்கும் உரிமையாளர் மீதும் வழக்குத் தொடர்ந்து நட்டஈடு கேட்பதற்கு எதிராக அச்சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது. "வைத்தால் வம்பு வரும்" என்று தயங்கும் அங்கத்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இதயம் திடீரென்று நின்றவருக்கு நெஞ்சை அழுத்தும் முதலுதவியோ கருவியோ கிடைக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் நூற்றுக்கு 7 முதல் 10 வீதம் வரை போய்விடுகிறது. சனிக்கிழமை மாலையில் எமது பிளாசாக்களின் வாகனத் தரிப்பிடத்துக்குள் அம்புலன்ஸ் நுழைய எத்தனை நிமிடம் எடுக்கும் என்பதை நீங்களே கணக்குப் போடலாம்.

ஒரு கடைக்கு ஒரு கருவி என்பது பாரம்தான். பத்துக் கடைகள் உள்ள பிளாசாவுக்கு ஒன்று என்று பகிர்ந்துகொண்டால் பாரமில்லை. அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதை முதல் விடயமாக எடுக்க உள்ளோம். நெஞ்சை அழுத்தும் முதலுதவிப் பயிற்சி வகுப்பு ஒன்றையும் தமிழில் ஒழுங்கு செய்ய விருப்பம். ஞாயிறு எம்மவருக்கு வியாபார நாள் ஆகையால் செவ்வாய்க்கிழமை இரவு எட்டரை மணிக்குப் பிறகு என்று யோசித்திருக்கிறோம். வர விரும்பும் அங்கத்தவர்கள் தம் பெயரோடு, கடையில் வேலை செய்பவர்களுள் ஒருவரின் பெயரையும் சேர்த்துச் சங்கச் செயலாளரிடம் கொடுத்துவிடவும். முதலாளி விழுந்தால் அழுத்துவதற்கு இன்னொருவர் வேண்டுமல்லவா?